ஃபவுண்டேஷன் நிதிக்கு விண்ணப்பிக்கலாமா? ராமநாதபுரம் கடற்கரைச் சிறு டிரஸ்டுகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை இந்தக் கரையில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து நடத்தும் சின்ன டிரஸ்டுகள் நிறைய இருக்கின்றன. ஒன்று மாலையில் பிள்ளைகளுக்கு டியூஷன் நடத்தும். இன்னொன்று கடல்பாசி எடுக்கும் பெண்களைச் சங்கமாகச் சேர்த்திருக்கும். வேறொன்று குடிதண்ணீருக்கு அலையும். இவர்களோடு உட்கார்ந்து விண்ணப்பம் எழுத உதவுவதைச் சில வருஷங்களாகச் செய்து வருகிறேன். எந்த ஊருக்குப் போனாலும் ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்களின் பேச்சிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். முதலிலிருந்து வரிசையாகப் படியுங்கள். முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை.

"ஃபவுண்டேஷன்னா என்ன? கவர்மெண்டு மானியம் மாதிரியா?"

இல்லை. அரசு மானியம் மக்களின் வரிப்பணம். ஃபவுண்டேஷன் நிதி, ஒரு குடும்பமோ நிறுவனமோ பொதுக் காரியத்துக்கென்று ஒதுக்கி வைத்த சொந்தப் பணம். டாடா டிரஸ்ட்ஸ் என்று நாம் சொல்வது பல அறக்கட்டளைகளின் கூட்டம். அதில் சர் ரத்தன் டாடா டிரஸ்ட் 1919-லேயே தொடங்கியது. அசிம் பிரேம்ஜி ஃபவுண்டேஷன் நம் காலத்தது. பணம் அவர்களுடையது என்பதால், எந்த வேலைக்கு, எந்தப் பகுதிக்கு, எத்தனை வருஷத்துக்குத் தருவது என்பதையும் அவர்களே தீர்மானிப்பார்கள்.

இதோடு சேர்த்துப் பேசப்படுவது சிஎஸ்ஆர், அதாவது கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். பல கம்பெனிகள் இதற்கென்றே தனி ஃபவுண்டேஷன் வைத்திருக்கின்றன. மூன்றாவது வகை வெளிநாட்டு ஃபவுண்டேஷன்கள். அதற்குச் சட்டமே வேறு, பின்னால் சொல்கிறேன்.

"நாங்க மகளிர் குழு. நாங்களே நேரா எழுதிப் போடலாமா?"

பெரும்பாலும் முடியாது. சுய உதவிக் குழு வங்கிக் கடன் வாங்கப் போதும், ஃபவுண்டேஷன் நிதிக்குப் போதாது. பதிவு செய்த அமைப்பு வேண்டும். அதற்கு மூன்று வழிகள் உண்டு. இரண்டு பேர் இருந்தால் டிரஸ்ட் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யலாம். ஏழு பேர் இருந்தால் 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் சங்கமாகலாம். கணக்கு வழக்கு தெரிந்த ஆட்கள் இருந்தால் கம்பெனிகள் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் லாப நோக்கற்ற கம்பெனி தொடங்கலாம்.

பாசிப் பெண்கள் போன்ற உறுப்பினர் அமைப்புக்குச் சங்கம்தான் பொருத்தம் என்பது என் எண்ணம். டிரஸ்டில் முடிவெடுப்பது அறங்காவலர்கள், மற்றவர்கள் பயனாளிகள். சங்கத்தில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஓட்டு உண்டு. பதிவு செய்ய இன்னும் நாளாகும் என்றால், பக்கத்தில் நம்பிக்கையான ஒரு டிரஸ்டோடு சேர்ந்து விண்ணப்பியுங்கள். ஆனால் யார் எதைச் செய்வது, பணம் யார் கையில் இருக்கும் என்பதை முதலிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

"என்னென்ன பேப்பர் ரெடியா வெச்சிருக்கணும்?"

பதிவுப் பத்திரம், அமைப்பின் பெயரில் பான் கார்டு, வங்கிக் கணக்கு, வருமான வரித் துறையின் 12ஏபி மற்றும் 80ஜி சான்றுகள், தொண்டு அமைப்புகள் பதியும் நிதி ஆயோக்கின் தர்பன் தளத்தில் பதிந்த எண், மூன்று வருஷத் தணிக்கை அறிக்கை, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்த நகல், நிர்வாகிகளின் ஆதார், பான். கம்பெனிப் பணம் வேண்டுமென்றால் சிஎஸ்ஆர்-1 படிவமும் தாக்கல் செய்திருக்க வேண்டும். 2021 ஏப்ரலிலிருந்து அது கட்டாயம். தர்பன் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. அதற்கென்று யாராவது ஆயிரக்கணக்கில் கேட்டால் கொடுக்காதீர்கள்.

எல்லாம் இருந்தும் மாட்டிக்கொள்கிற ஒரு இடம் உண்டு, பெயர். பத்திரத்தில் 'ராம்நாடு' என்றும் பான் கார்டில் 'ராமநாதபுரம்' என்றும் இருக்கும். ஒரு அறங்காவலருக்கு ஆதாரில் இனிஷியல், பானில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். நமக்கு இது ஒன்றுமே இல்லை. மும்பையில் உட்கார்ந்து சரிபார்ப்பவருக்கு அது இரண்டு ஊர், இரண்டு ஆள். விண்ணப்பிக்கும் முன்பே ஒரு நாள் ஒதுக்கி எல்லாத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

"12ஏ, 80ஜி ரெண்டும் ஒண்ணுதானே?"

வேறு வேறு. 12ஏபி (முன்பு 12ஏ) இருந்தால் உங்கள் அமைப்பின் வருமானத்துக்கு வரி விலக்கு. 80ஜி இருந்தால் உங்களுக்குக் கொடுப்பவருக்கு வரிச் சலுகை. புதிய அமைப்புக்கு முதலில் மூன்று வருஷத் தற்காலிகப் பதிவு தருவார்கள். பிறகு வழக்கமான பதிவுக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். அது 5 வருஷம் செல்லும். வருமானம் 5 கோடிக்கு மிகாத அமைப்புகளுக்கு 12ஏபி-யை மட்டும் 10 வருஷமாக 2025-இல் நீட்டித்தார்கள். அதனால் இப்போது இரண்டு சான்றுகளுக்கும் காலாவதி தேதி வேறு வேறாக வரும். ஒன்று செல்லும் என்பதால் மற்றதும் செல்லும் என்று நினைத்துவிடாதீர்கள்.

நான் உதவி செய்த ஒரு அமைப்புக்கு எல்லாம் கூடிவந்து, ஒப்பந்தம் போடும் நேரத்தில் 80ஜி காலாவதியானது தெரிந்தது. மூன்று ஊர்ப் பிள்ளைகளின் டியூஷன் அந்த வருஷம் நின்றுபோனது. இன்றும் அதை நினைத்தால் எனக்கு வருத்தம்தான். அந்தத் தேதியைக் கேட்டு வைத்துக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. இப்போதெல்லாம் எந்த அமைப்போடு உட்கார்ந்தாலும் முதலில் அந்தத் தேதிகளைச் சுவர்க் காலண்டரில் எழுதச் சொல்கிறேன். முடிவதற்கு ஆறு மாதம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். இன்னொன்று: 2025 வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அமல் என்பதால் இந்தப் பிரிவு எண்கள் மாறுகின்றன. படிவத்தில் எந்த எண்ணைப் போடுவது என்று உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

"டிரஸ்ட் ஆரம்பிச்சு ஒரு வருஷம்தான் ஆகுது. எங்களுக்கு யாரு குடுப்பா?"

சிஎஸ்ஆர் விதியே, அதே மாதிரி வேலையில் மூன்று வருஷ அனுபவம் கேட்கிறது. மற்ற ஃபவுண்டேஷன்களும் பெரும்பாலும் மூன்று வருஷத் தணிக்கையைப் பார்க்கும். அதனால் முதல் மூன்று வருஷத்தைக் காத்திருக்கும் காலமாக நினைக்காமல் கணக்கு எழுதும் காலமாக நினையுங்கள். ஊர்ப் பணம் 40,000 ரூபாய் வசூலித்து ஒரு டியூஷன் சென்டர் நடத்தினாலும், ரசீது, வவுச்சர், வருகைப் பதிவு, கூட்டத் தீர்மானம், வருஷக் கடைசியில் தணிக்கை என்று ஒழுங்காகச் செய்யுங்கள். நான்காம் வருஷம் அந்த 40,000 ரூபாய்க் கணக்குதான் 10 லட்சத்துக்கு வழி திறக்கும். நன்கொடையை வங்கி வழியாக வாங்கப் பழகுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தவருக்கு 80ஜி சலுகை கிடையாது.

"எந்த ஃபவுண்டேஷன் நமக்கு ஒத்துவரும்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

அவர்கள் தளத்தில் 'நாங்கள் நம்புவது' என்று எழுதியிருப்பதை விட, போன இரண்டு வருஷத்தில் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைப் பாருங்கள். 50 லட்சத்துக்குக் குறைந்து கொடுக்காத இடத்தில் நீங்கள் 6 லட்சம் கேட்டுப் பயனில்லை. மத்திய அரசின் சிஎஸ்ஆர் தளத்தில் எந்தக் கம்பெனி எங்கே செலவு செய்தது என்ற விவரம் கிடைக்கிறது. சட்டமும் கம்பெனிகளைத் தங்கள் ஆலை, அலுவலகம் இருக்கும் பகுதிக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது. நம் பக்கம் பெரிய ஆலைகள் குறைவு என்பதால் அது நமக்குப் பாதகம்.

சாதகமான ஒன்றும் உண்டு. 2018-இல் மத்திய அரசு அறிவித்த முன்னேற விழையும் மாவட்டங்களில் தமிழ்நாட்டிலிருந்து இரண்டுதான், ராமநாதபுரமும் விருதுநகரும். ஆலை அருகில் இல்லாவிட்டாலும் இந்த மாவட்டங்களில் செலவழிக்க விரும்பும் கம்பெனிகள் இருக்கின்றன. விண்ணப்பத்தின் முதல் பத்தியிலேயே இதைச் சொல்லிவிடுங்கள். பலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

"ப்ரொபோசல்ல அப்படி என்னதான் எழுதணும்?"

'எங்கள் பகுதி மீனவ மக்கள் மிகவும் ஏழைகள், கல்வியறிவு குறைந்தவர்கள்' என்று தொடங்கும் விண்ணப்பங்களை நிறையப் பார்த்துவிட்டேன். இந்த வரியைக் கன்னியாகுமரியிலிருந்தும் எழுதலாம், ஒடிசாவிலிருந்தும் எழுதலாம். உங்கள் ஊரில் மட்டும் உள்ளதை எழுதுங்கள். எத்தனை வீடு? அதில் எத்தனை பெண்கள் பாசிக்குப் போகிறார்கள்? மாதத்தில் எத்தனை நாள்? ஒரு நாளைக்கு எத்தனை கிலோ, வியாபாரி கொடுக்கும் விலை என்ன, முன்பணம் வாங்கியவர்கள் எத்தனை பேர்? இந்த விவரம் எந்த அலுவலகத்திலும் இருக்காது. விண்ணப்பிக்கும் முன் மூன்று மாதம் இருபது பெண்களிடம் ஆளுக்கொரு நோட்டுக் கொடுத்துத் தினமும் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள், எழுதத் தெரியாதவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் எழுதட்டும். அந்த நோட்டுகளிலிருந்து கூட்டிச் சொல்லும் ஒரு பக்கம், கூலிக்கு எழுதி வாங்கிய இருபது பக்கத்தை விட எடை கூடியது.

அடுத்தது காலம். வெளியூர்க்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் மட்டும்தான் தெரியும். அது விசைப்படகுக்கு. பாசிக்குப் போகும் பெண்ணின் நாட்காட்டி வேறு. கச்சான் (தென்மேற்குக் காற்று) அடித்தால் தென்கடல் (மன்னார் வளைகுடா) கலங்கும், வாடை அடித்தால் வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) கொந்தளிக்கும். பாம்பன் ஆட்கள் காற்றுக்கேற்ப ஒரு கடலை விட்டு இன்னொன்றுக்கு மாறுவார்கள். பயிற்சி வகுப்பை எந்த மாதம் வைத்தால் பெண்கள் வருவார்கள் என்பதை இதை வைத்துத்தான் சொல்ல முடியும். திட்ட அட்டவணையில் 'முதல் காலாண்டு, இரண்டாம் காலாண்டு' என்று மட்டும் போடாமல் இந்தக் காரணத்தையும் ஒரு வரி எழுதுங்கள். படிப்பவருக்கு இவர்கள் கரையில் வாழ்பவர்கள் என்பது அங்கேயே புரியும்.

அப்புறம், 'இதை அரசு செய்யவில்லையா?' என்று கட்டாயம் கேட்பார்கள். மறைக்காமல் சொல்லுங்கள். தடைக்கால நிவாரணம் 2023-இல் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. உங்கள் ஊரில் அது யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை, ஏன் கிடைக்கவில்லை என்று கணக்கெடுத்துச் சொன்னால் உங்கள் வேலை எங்கே தொடங்குகிறது என்பதும் தெளிவாகும்.

"இங்கிலீஷ் வராதே. தமிழ்ல அனுப்பலாமா?"

சில இடங்களில் ஏற்கிறார்கள், முதலில் கேட்டுப் பாருங்கள். ஏற்காவிட்டாலும் தமிழில் எழுதி முடித்த பிறகே மொழிபெயர்க்கக் கொடுங்கள். மொழிபெயர்த்ததை யாரையாவது வாய்விட்டுத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் 'நாற்பது பெண்கள்' என்று எழுதியது 'நானூறு' ஆகியிருந்தால் அந்த இடத்திலேயே பிடிபடும். 'கிடைக்கும் தொகையில் பத்து சதவீதம் கொடுங்கள், எழுதித் தருகிறேன்' என்று வருபவர்களிடம் போகாதீர்கள். அந்தப் பத்து சதவீதத்தை எந்தத் தலைப்பில் கணக்குக் காட்டுவீர்கள்? எழுதிக் கொடுத்ததற்கு ஒரு நியாயமான கூலியை உங்கள் சொந்தப் பணத்திலிருந்து கொடுங்கள்.

"பட்ஜெட்ல சம்பளம் போட்டா வெட்டிடுவாங்களாமே?"

சம்பளத்தை ஒளித்தால்தான் வெட்டுவார்கள். களப்பணியாளர் இல்லாமல் எந்த வேலையும் நடக்காது என்பது அவர்களுக்கும் தெரியும். ராமநாதபுரத்திலிருந்து சாயல்குடிக்கு வாரம் மூன்று நாள் போய்வரும் பெண்ணுக்குப் பஸ் காசும் மாதச் சம்பளமும் உண்டு என்று நேராக எழுதுங்கள். 'இதர செலவு 1,00,000' என்ற வரிதான் ஆபத்து. அதை உடைத்து, தணிக்கைக் கட்டணம், போன், ஸ்டேஷனரி, வாடகை என்று எழுதுங்கள். வாங்கும் பொருளுக்கு ஜிஎஸ்டியைச் சேர்த்தே விலை போடுங்கள். சின்ன அமைப்புகளுக்கு அது பெரும்பாலும் திரும்பி வராத பணம்.

நம் சொந்தப் பங்கையும் காட்டுங்கள். சர்ச் ஹாலையோ ஜமாத் மண்டபத்தையோ வாடகையில்லாமல் கொடுத்தால் அதற்கு ஒரு மதிப்புப் போட்டு எழுதலாம். ஊர் உங்களோடு நிற்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

"நிர்வாகச் செலவு 5 சதவீதம்தான்னு ஒருத்தர் சொல்றார், 20-ன்னு இன்னொருத்தர் சொல்றார். எது சரி?"

இரண்டும் சரி, இடம்தான் வேறு. 5 சதவீதம் என்பது சிஎஸ்ஆர் விதியில் கம்பெனி தன்னுடைய சிஎஸ்ஆர் பிரிவை நடத்தச் செய்யும் பொது நிர்வாகச் செலவுக்கான வரம்பு. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை நடத்தவும் கண்காணிக்கவும் நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது. ஆகவே முந்தைய பதிலில் சொன்ன களப்பணியாளர் சம்பளத்தை அந்த 5-க்குள் அடக்கச் சொன்னால், விதியைக் காட்டிப் பணிவாகக் கேளுங்கள். 20 சதவீதம் என்பது வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவுக்கான வரம்பு. வெளிநாட்டு நிதிச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்கு முன் அது 50 ஆக இருந்தது. உள்நாட்டுக் குடும்ப ஃபவுண்டேஷன்கள் ஒவ்வொன்றும் தமக்கென்று ஒரு அளவு வைத்திருக்கும்.

"கீழக்கரைக்காரங்க துபாய்லேருந்து அனுப்புற பணமும் வெளிநாட்டு நிதியா?"

இந்தக் கரையில் மிக முக்கியமான கேள்வி இது. கொடுப்பவர் எங்கே இருக்கிறார் என்பதை விட, எந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறார் என்பதைப் பாருங்கள். இந்தியக் குடிமகன் துபாயில் சம்பாதித்த தன் சொந்தப் பணத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவரது பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். அதே ஊர்க்காரர் வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால், இந்திய வம்சாவளி அட்டை இருந்தாலும், அவர் பணம் வெளிநாட்டு நிதிதான். துபாயில் இருக்கும் கம்பெனி கொடுத்தாலும் அப்படியே.

வெளிநாட்டு நிதிக்கு 2010-ஆம் வருஷத்து எஃப்சிஆர்ஏ சட்டப்படி உள்துறை அமைச்சகத்தின் பதிவு வேண்டும். அமைப்புக்கு மூன்று வயது ஆகியிருக்க வேண்டும், முந்தைய மூன்று நிதியாண்டுகளில் முக்கியப் பணிகளுக்கு 15 லட்சம் ரூபாயாவது செலவாகியிருக்க வேண்டும், பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் பிரதானக் கிளைக் கணக்குக்கே வர வேண்டும். அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய் வாங்கினாலும் குற்றம்.

"அப்போ எஃப்சிஆர்ஏ இருக்குற பெரிய டிரஸ்ட் வாங்கி எங்களுக்குப் பிரிச்சுக் குடுக்கலாமே?"

முன்பு முடிந்தது. 2020 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டு நிதியை இன்னொரு அமைப்புக்கு மாற்றவே கூடாது, வாங்குபவருக்குப் பதிவு இருந்தாலும் கூடாது. நல்ல எண்ணத்தில் யாராவது சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் பதிவும் போகும்.

"கடல்ல இறங்கிச் செய்ற வேலைன்னா தனி அனுமதி வேணுமா?"

வேண்டும். முயல்தீவு, குருசடை போன்ற 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. பவளப்பாறை, ஆவுளியா (கடல் பசு), கடல் அட்டை எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. கடல் அட்டையைப் பிடிப்பதற்கு 2001 முதல் தடை. அதை வாழ்வாதாரத் திட்டமாக எழுதிய ஒரு விண்ணப்பத்தை நான் படித்திருக்கிறேன். எழுதியவர் நல்லவர், சட்டம் தெரியவில்லை. பூங்காவுக்குள் எதைச் செய்வதானாலும் வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். கரையில் கருவாடு காயப்போடும் கூடம் கட்டினாலும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளைப் பார்க்க வேண்டும்.

விண்ணப்பத்தில் 'அனுமதி பெறப்படும்' என்று விட்டுவிடாதீர்கள். யாரிடம், எந்தத் தேதியில் மனு கொடுத்தீர்கள், இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதி நகலை இணையுங்கள். அனுமதி வராவிட்டால் எந்தப் பகுதியைச் செய்வீர்கள், எதை விடுவீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

"நேர்ல பாக்க வர்றாங்களாம். என்ன ஏற்பாடு பண்ணணும்?"

சால்வை, பேனர் வேண்டாம். கணக்குப் புத்தகங்கள் மேசையில் இருக்கட்டும். பெண்கள் பேசட்டும், நீங்கள் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். அவர்கள் உங்களைக் குறை சொன்னாலும் இடைமறிக்காதீர்கள்.

"வேணாம்னு மெயில் வந்துடுச்சு. அவ்வளவுதானா?"

நன்றி சொல்லி, எந்த இடம் பலவீனமாக இருந்தது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பதில் எழுதுங்கள். எல்லோரும் சொல்ல மாட்டார்கள், சொல்பவர்களின் பதில் பொன். பல முறை காரணம் உங்கள் வேலையாக இருக்காது, அந்த வருஷப் பணம் முடிந்திருக்கும். அதே விண்ணப்பத்தை அப்படியே வேறு பெயருக்கு மாற்றி அனுப்பாதீர்கள். பழைய ஃபவுண்டேஷனின் பெயர் நடுப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்த கதையும் உண்டு.

"நாங்க குடிதண்ணிக்கு வேலை செய்றோம். அவங்க கம்ப்யூட்டர் பயிற்சிக்குத்தான் தருவாங்களாம். சரின்னு சொல்லிடலாமா?"

இதற்குத் தயங்காமல் சொல்கிறேன், வேண்டாம். பணம் இரண்டு வருஷத்தில் தீரும். அதற்குள் உங்கள் ஆட்கள் கிணற்று உப்பைச் சோதிப்பதை விட்டுக் கம்ப்யூட்டர் வருகைப் பதிவு எழுதப் பழகியிருப்பார்கள். ஊர்ப் பெண்கள் குடத்தோடு பழைய இடத்திலேயே நிற்பார்கள். உங்கள் வேலைக்கும் அவர்கள் விருப்பத்துக்கும் உண்மையாகவே ஒரு பாலம் இருந்தால், உதாரணமாகத் தண்ணீரின் உப்பளவைப் பள்ளிப் பிள்ளைகள் அளந்து கணினியில் பதிவது போல, அதைச் சொல்லிப் பாருங்கள். இல்லையென்றால், 'இது எங்கள் வேலை இல்லை, இந்த ஊரில் இதைச் செய்கிற இன்னொரு அமைப்பு இருக்கிறது' என்று சொல்லி அவர்களைக் காட்டிவிடுங்கள். இப்படிச் சொன்னவர்களை அதே ஃபவுண்டேஷன் பின்னால் தேடி வந்ததையும் பார்த்திருக்கிறேன்.

"ஒரே டீச்சர் சம்பளத்தை ரெண்டு ஃபவுண்டேஷன்லயும் காட்டலாமா?"

முழுச் சம்பளத்தையும் இரண்டு இடத்தில் காட்டினால் அது மோசடி. பாதி நேரம் அங்கே, பாதி நேரம் இங்கே என்றால், அந்தப் பாதியை இரண்டு பட்ஜெட்டிலும் எழுதி, இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டுச் செய்யலாம். வேலை நேரப் பதிவும் அதற்கேற்ப இருக்க வேண்டும்.

"பணம் வந்துடுச்சு. நடுவுல புயல் வந்து திட்டமே மாறிப்போச்சு. என்ன செய்றது?"

2020 டிசம்பரில் புரெவி நம் கரைக்குப் பக்கத்தில் வந்து அசையாமல் நின்றது நினைவிருக்கும். அப்படிப்பட்ட நேரத்தில் பயிற்சிக்கு வைத்த பணத்தில் அரிசி வாங்கிக் கொடுக்கத்தான் மனசு வரும். கொடுக்கலாம், ஆனால் முதலில் கேளுங்கள். அன்றே ஒரு மெயில், இரண்டு படம், எவ்வளவு தொகை, எந்தத் தலைப்பிலிருந்து என்று. பெரும்பாலான ஃபவுண்டேஷன்கள் இப்படிக் கேட்டால் விரைவாகவே சம்மதிக்கும். எழுத்தில் பதில் வந்த பிறகு செலவு செய்யுங்கள். கேட்காமல் செலவு செய்து, வருஷக் கடைசியில் விளக்கம் சொல்லும்போதுதான் நல்ல காரியமும் தவறாகத் தெரியும்.

மார்ச் மாதம் இன்னொரு சோதனை வரும். கம்பெனிப் பணம் என்றால் 31-ஆம் தேதிக்குள் செலவைக் காட்டச் சொல்லி நெருக்குவார்கள். செலவாகாத பணத்துக்குப் பில் மட்டும் வாங்கி அடைக்காதீர்கள். மிச்சத்தைத் திருப்பித் தருவதா, அடுத்த வருஷத்துக்கு நீட்டிப்பதா என்று ஜனவரியிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

"எல்லாம் முடிஞ்சு ரிப்போர்ட்டும் அனுப்பியாச்சு. இன்னும் ஏதாவது பாக்கி இருக்கா?"

இருக்கிறது. அந்த ரிப்போர்ட்டைத் தமிழில் ஒரு நாள் ஊரில் வாசித்துக் காட்டுங்கள், வரவு செலவோடு. பாசிக்குப் போய் வந்து பெண்கள் கரையேறும் நேரம் பார்த்து வையுங்கள். எண்கள் தப்பாக இருந்தால் அவர்கள் அங்கேயே சொல்வார்கள், அதைத் திருத்தி ஃபவுண்டேஷனுக்கும் அனுப்புங்கள். வவுச்சர்களையும் பெண்கள் தினமும் எழுதிய அந்த நோட்டுகளையும் உப்புக்காற்று படாத இரும்புப் பெட்டியில் பூட்டி வையுங்கள். அடுத்த விண்ணப்பம் எழுத உட்காரும்போது முதலில் கேட்கப் போவது அவற்றைத்தான்.